சீட்டு விழாத வீடு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்குவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான். ஜூன் மாதம் பேரருவியில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அதே நாட்களில் தென்காசி, இலஞ்சி, மேலகரம் தெருக்களில் மஞ்சள் வேன்கள் ஓடத் தொடங்கும். வேன் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது, எந்த வாசலைத் தாண்டிப் போகிறது என்று தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். தாண்டிப் போன வீட்டுக்காரரிடம் அன்று சாயங்காலத்துக்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: “ஏன், உங்க பிள்ளைக்குச் சீட்டு விழலையா?”

‘சீட்டு விழுவது’ என்பது இன்று தமிழ்நாட்டில் வெறும் பேச்சு வழக்கு மட்டுமில்லை. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் நலிந்த பிரிவில் வருவார்கள். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கோடையில் இ-சேவை மையத்தில் பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஒவ்வொன்றாக ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடினால் பள்ளியிலேயே பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கும். 40 பிள்ளைகள் சேரும் எல்.கே.ஜி. வகுப்பு என்றால் இந்த வழியில் 10 இடம். 2024-ல் மாநிலம் முழுக்க 80,000-க்குச் சற்று மேற்பட்ட இடங்களுக்கு 1,50,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்குத் தனிக் கணக்குப் போட வேண்டியதில்லை.

குலுக்கலில் சில இடங்களில் ஒரு சின்னப் பிள்ளையையே கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொல்வதுண்டு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 920-ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டும் அதைத்தான் சொல்கிறது: குடத்திலிருந்து ஓலையை எடுப்பது விவரமறியாத ஒரு சிறுவன். விவரம் தெரிந்த கை எடுத்தால் சந்தேகம் வரும் என்ற எண்ணம் அன்றும் இருந்திருக்கிறது. ஆனால் உத்திரமேரூரில் ஓலை எடுத்தது ஊர்ச்சபை உறுப்பினர் பதவிக்கு. இங்கே நாலு வயதுக் குழந்தைக்கு எடுக்கிறார்கள்.

சீட்டு விழாமல் போக வேறு வழிகளும் உண்டு. மலையடிவாரக் கிராமத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளியே இருக்காது. அங்கே குடியிருப்பவருக்குக் குலுக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சில வீடுகளில் வருமானம் 2 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கட்டணம் கட்டும் வசதியும் வந்திருக்காது. ஊரில் பெயர் எடுத்த பள்ளியில் ‘அட்மிஷன் முடிஞ்சு போச்சு’ என்ற பதிலோடு திரும்புவோரும் உண்டு. பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் வைத்து வடிகட்டுவதைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடைசெய்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையும் அடுத்தடுத்த முறைக்கு 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஆனாலும் “சும்மா பேசிப் பார்க்கிறோம்” என்று ஏ, பி, சி, டி கேட்கும் வழக்கம் பல இடங்களில் ஒழியவில்லை. பதில் சொல்லாமல் அம்மாவின் சேலைக்குள் முகம் புதைத்த குழந்தையை வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருகிறவர்களைப் பார்க்கத்தான் வருத்தமாக இருக்கும்.

2025-ஆம் ஆண்டு இந்தக் கதையில் விசித்திரமானது. வழக்கமாகக் கோடையில் திறக்கும் விண்ணப்ப இணையதளம் அந்த ஆண்டு திறக்கவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அந்த நிதி வராமல் தனியார் பள்ளிகளுக்குப் பணம் தர இயலாது என்றது மாநில அரசு. ஜூன் 2-ல் பள்ளிகள் திறந்துவிட்டன. ஜூன் 10-ல் சென்னை உயர் நீதிமன்றம், இந்த ஒதுக்கீட்டுக்கான பணத்தைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்றது. நிதி வந்து சேர்க்கை தொடங்கும்போது அக்டோபர் ஆகிவிட்டது. அதுவும் அந்தந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு. அதாவது, ஜூன் மாதமே கடன் வாங்கியாவது கட்டணம் கட்டிச் சேர்த்தவர்களுக்குச் சலுகை. கட்ட வழியில்லாமல் பக்கத்துப் பள்ளிக்குப் போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஏழைக்கென்று எழுதிய சட்டம் அந்த ஆண்டு சற்று வசதியுள்ள ஏழையைத்தான் தேடிப்போனது.

சரி, சீட்டு விழவில்லை. பிள்ளை எதை இழந்தது?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே பதில் தேடியிருக்கிறார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரப் பிரதேசத்தின் 5 மாவட்டங்களில் 180 கிராமங்களில் 2008-ல் தொடங்கி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, தனியார் பள்ளியில் படிக்க முழுச் செலவும் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் வீட்டு வசதி, பெற்றோர் படிப்பு எதுவும் கணக்கைக் குழப்பாது. சீட்டு விழுந்தவர், விழாதவர் என்ற ஒரே வேறுபாடுதான். 4 ஆண்டு கழித்துத் தேர்வு வைத்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னே நின்றார்கள். அரசுப் பள்ளிகளில் அந்தப் பாடத்துக்கு அந்த வயதில் பெரிய இடமில்லை. கூடப் படித்தவர்கள் கிளம்பிப் போனதால் அரசுப் பள்ளியில் தங்கியவர்களின் படிப்பும் குறைந்துவிடவில்லை. 2015-ல் வெளியான இந்த ஆய்வு தனியார் பள்ளிக்காரர்களும் மேற்கோள் காட்டத்தக்கதே: மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் அதே பலனை அவர்கள் காட்டினார்கள். ஆனால் பிள்ளை வாழ்க்கையே போயிற்று என்று தூக்கம் கெடும் அப்பா அம்மாவுக்கு, அதில் தெரிந்துகொள்ள வேண்டியது முதல் பாதிதான். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் உயர்நிலைப் பள்ளிக் குலுக்கல்களை வைத்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வும் வென்றவர்கள் மதிப்பெண்ணில் முந்திவிடவில்லை என்றே கண்டது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 2011 ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு சமச்சீர்க் கல்வி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் மாநிலப் பாடத்திட்டம் ஒன்றே. மெட்ரிக் பள்ளியின் ஆங்கிலவழிப் புத்தகமும், ஆங்கிலவழிப் பிரிவு உள்ள அரசுப் பள்ளியின் புத்தகமும் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றுதான். ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார், இன்னொருவருக்கு இலவசமாக வருகிறது. இது தெரிந்த பெற்றோரும் “இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்திருக்கோம்” என்ற சொல்லுக்காகவே வேன் பின்னால் ஓடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குத் தெருவில் ஒரு மதிப்பு இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு மதிப்பு இருக்கிறது. அதை வெறும் பகட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. தாங்கள் படிக்காத மொழி பிள்ளைக்காவது வரட்டும் என்ற ஆசையில் தப்பென்ன?

இதற்கு நேர் எதிராகச் சொல்ல தென்காசிக்காரர்களிடம் ஓர் உதாரணம் எப்போதும் தயார். மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வைத்த ஸ்ரீதர் வேம்பு தமிழ் வழியில் பள்ளிப் படிப்பைப் படித்து, சென்னை ஐ.ஐ.டி. வழியாக அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர். “அவரைப் பாருங்க” என்பார்கள். ஒரு மனிதரை வைத்து ஒரு முறையை நிறுவ முடியாது. தமிழ் வழியில் படித்துப் பத்தாம் வகுப்போடு நின்றவர்களை யாரும் ‘பாருங்க’ என்று காட்டுவதில்லை.

இந்தப் பக்கத்தில் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் உண்மையில் பெரிய ஆறுதல். திருநெல்வேலிச் சீமையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷன்காரர்கள் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார்கள். டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி, ஆர்.சி. தொடக்கப்பள்ளி, இந்து நாடார் தொடக்கப்பள்ளி, முஸ்லிம் பள்ளி என்று அரசு உதவி பெறும் பள்ளிகள் இங்கே தெருவுக்குத் தெரு நிற்பது அந்த வரலாற்றின் தொடர்ச்சி. 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டத்தின் முதல் மையம் தொடங்கியது அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில்தான். பிள்ளைக்கு இடம் தேடி அலைவது அப்போது பெற்றோர் வேலையாக இல்லை. மாடு மேய்க்கும் பிள்ளையைத் தேடி வாத்தியார் அலைந்த காலம் அது.

பக்கத்துப் பள்ளியை வேண்டா வெறுப்பாக ஏற்பதற்கு முன் ஒரு நாள் காலை 8 மணிக்கு அங்கே போய் நிற்கலாம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும், பிறகு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமாவா, கிச்சடியா, பொங்கலா என்பது அன்றைய கிழமையைப் பொறுத்தது. அதைவிட முக்கியம், பிள்ளைகள் தட்டோடு உட்காரும்போது டீச்சர் கூட உட்கார்ந்து பேசுகிறாரா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பது. தண்ணீர்த் தொட்டியில் குழாய் திறக்கிறதா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சுவரில் எழுதியிருப்பதைத் திக்காமல் வாசிக்கிறதா: அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதே சோதனையை ஆசைப்பட்ட தனியார் பள்ளியிலும் செய்து பார்த்தவர் எத்தனை பேர்? பெரும்பாலும் அங்கே வாசல் வளைவையும் வேன் எண்ணிக்கையையும் பார்த்ததோடு சரி.

குறையைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்போ 5. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் மற்றவர் தலையில் பள்ளிக்கூடமே. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தது இந்த நெருக்கடிக்கு ஓரளவு பொருந்தி வந்தது. ஆனால் அடிப்படைச் சிக்கல் வேறு. எண்ணிக்கை குறையக் குறைய ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் இன்னும் நாலு வீடு வேனைத் தேடும். 25 சதவீத ஒதுக்கீட்டில் அரசே பணம் கட்டித் தனியாருக்கு அனுப்பும் ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்து அரசுப் பள்ளிப் பதிவேட்டில் ஒன்று குறைவு என்று ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லி வருவதில் நியாயம் இருக்கிறது. இந்த இடத்தில் பெற்றோர் வெறும் வாடிக்கையாளராக நிற்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு. மெட்ரிக் பள்ளி கரஸ்பாண்டன்ட்டிடம் கேட்க முடியாத கேள்வியை இங்கே எச்.எம்.-இடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கலாம்.

முதல் பள்ளி கைவிட்டதும் அவசரத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. விரும்பிய பள்ளியில் இடமில்லை என்றவுடன், அதைப் போலவே இருக்கும் இன்னொரு தனியார் பள்ளியில் நகையை அடகு வைத்துச் சேர்ப்பது. முதல் ஆண்டுக் கட்டணம் மட்டுமா? வேன் வாடகை, சீருடை இரண்டு வகை, ஷூ, ஆண்டு விழா, அதற்கொரு டான்ஸ் உடை. 25 சதவீத இடத்தில் சேர்ந்தாலும் கல்விக் கட்டணத்தை மட்டும்தான் அரசு தரும். வேன் செலவு வீட்டின் பாடு. சீசன் நேரத்தில் குற்றாலம் சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது 5 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் வேனில் உட்கார்ந்து, எல்.கே.ஜி. பிள்ளை தூங்கி விழுந்தபடி வந்து சேரும். பக்கத்துத் தெருவில் நடந்து போகும் பிள்ளைக்கு அந்த முக்கால் மணி நேரம் தூக்கமாகவோ விளையாட்டாகவோ மிஞ்சும். படிப்பைக் கணக்குப் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

பிள்ளைக்கு இதில் உண்மையில் நேரும் காயம் பள்ளியில் நேர்வதைவிட வீட்டில் நேர்வதே அதிகம். தென்காசி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். சாயங்காலம் மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். பக்கத்தில் பிள்ளை. எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்து, தன் மகனுக்குச் சீட்டு விழுந்த கதையைச் சொல்வாள். அம்மாவின் கை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வாய் மட்டும் “எம் பிள்ளைக்குத்தான் கொடுப்பினை இல்லை” என்று சொல்லும். நாலு வயதுக்குக் ‘குலுக்கல்’ புரியாது, ‘ஒரு கிலோமீட்டர்’ புரியாது. ‘கொடுப்பினை இல்லை’ என்பது தன்னைப் பற்றித்தான் என்று மட்டும் புரியும். மறுநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தால், அது பள்ளி பிடிக்காமல் அல்ல.

அனுபவப்பட்ட ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘வேற ஸ்கூலுக்குப் போக வேண்டிய பிள்ளை’ என்று வீட்டார் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகும் பிள்ளை, சுவரோரம் ஒதுங்கி நிற்கும். அதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை: வாசலில் வைத்து அந்தப் பேச்சைப் பேசாமல் இருப்பது. பள்ளி திறக்கும் முன்பே ஒருமுறை கூட்டிப்போய் வேப்பமரத்தையும் கொடிக்கம்பத்தையும் காட்டுவது. அதே தெருவிலிருந்து போகும் இன்னொரு பிள்ளையோடு சேர்த்து நடக்க விடுவது. வேனில் போகும் பழைய சிநேகிதனைப் பிரிந்துவிட்டதே என்று கவலைப்படுவார்கள். ஐந்து மணிக்கு இரண்டும் ஒரே தெருவில்தான் சைக்கிள் டயரை உருட்டும்.

உடல் அல்லது மன வளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைக்கு இடம் மறுக்கப்படுவது இதோடு சேர்த்துப் பேசக்கூடிய விஷயமில்லை. அது வேறு எடை. அந்தப் பிள்ளைகளும் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு உரியவர்களே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை அவர்களுக்கு உறுதி செய்கிறது. தென்காசிக்காரர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். பக்கத்து ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காரும் பள்ளியை அந்தச் சங்கம் நடத்துகிறது.

இந்தத் தவிப்பு நம்மூருக்கு மட்டும் உரியதும் அல்ல. சிங்கப்பூரில் முதலாம் வகுப்புப் பதிவில் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு கிலோமீட்டரா, இரண்டு கிலோமீட்டரா என்று அளந்து, அதற்கு மேல் குலுக்கல் போடுகிறார்கள். அங்குள்ள தமிழர்கள் இதற்காக வீடு மாறுவதும் உண்டு. இங்கிலாந்தில் ஏப்ரல் 16-ஆம் தேதி தொடக்கப்பள்ளி இடங்கள் அறிவிக்கப்படும். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் தமிழ் வீடுகளில் அன்று காலை மின்னஞ்சலைப் பார்ப்பது பரீட்சை முடிவு பார்ப்பது போலத்தான். ஏமாந்தவர் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம், மேல்முறையீடு செய்யலாம். ஆனால் சிறு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று அங்கே சட்டமே இருப்பதால் அந்த முறையீடு வெல்வது அரிது. இலங்கையில் தரம் 1 அனுமதிக்கு வீட்டுத் தூரம், பழைய மாணவர், ஏற்கெனவே படிக்கும் சகோதரர் என்று புள்ளி போடுகிறார்கள். அங்கே தவறியவர்களுக்குத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இரண்டாவது வாசல்; அந்த வாசலின் நெரிசலில் பத்து வயதுப் பிள்ளைகள் படும் பாடு தனிக் கதை.

நம்மூரிலும் வாசல்கள் முழுக்க மூடிவிடவில்லை. குலுக்கலுக்குப் பிறகு சேராமல் போகிறவர்களின் இடத்துக்குக் காத்திருப்போர் உண்டு. பட்டியலைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை. நியாயமின்றி மறுத்ததாகத் தோன்றினால் 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு, முதன்மைக் கல்வி அலுவலரைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டியதும் இல்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்கலாம். ஆண்டு நடுவில் வந்தாலும் அரசுப் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதும் காரணம் ஆகாது. விஜயதசமியன்று அரிசியில் எழுத வைத்துச் சேர்க்கும் வழக்கத்தை அரசுப் பள்ளிகளும் வைத்திருக்கின்றன.

பெரிய வாசல் ஆறாம் வகுப்பு. தொடக்கப்பள்ளி ஐந்தோடு முடிவதால் எல்லாப் பிள்ளைகளும் அப்போது எப்படியும் இடம் மாறத்தான் வேண்டும். அந்த இடத்தில் கணக்கும் தலைகீழாகிறது. மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 25 சதவீத ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் அதில் சேர்த்தி. பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. எல்.கே.ஜி.யில் யார் முந்தினார் என்று இந்த விதிகள் எதுவும் கேட்பதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் வேன் நிற்காமல் போன அதே வீட்டு வாசலில் அப்போது மறுபடியும் பேச்சு நடக்கும். எந்தப் பள்ளி, பஸ் உண்டா, டீச்சர் எப்படி என்று அப்பாவும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த முறை பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கும்: கூடப் படித்தவர்கள் எங்கே சேரப் போகிறார்கள்?